ஆர்த்தடாக்ஸ் குடும்பம்

“எல்லாரும் காசி, ராமேஸ்வரம்னு போவாக. நீங்க எப்படி அத்தான் ருமேனியாவுக்குப் போய்ச் சேர்ந்தீக?”

மைத்துனர் காசிராஜன் கேட்டதும் கூடத்தில் இருந்த சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். ராமசுப்பு சிரிக்கவில்லை.

அருப்புக்கோட்டையில் வத்தல் கமிஷன் மண்டி வைத்திருக்கும் ராமசுப்பு ஆசாரத்துக்குப் பேர்போனவர். வெங்காயம், பூண்டு அவர் வீட்டு வாசற்படி ஏறாது. மகள் சுகப்பிரியாவுக்கு வந்த வரன்களையெல்லாம் ‘ஆர்த்தடாக்ஸ் குடும்பம் இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிட்டார். காசிராஜனின் மகனைத் தட்டிக்கழித்ததும் அந்த வீட்டு ரசத்தில் பூண்டு மிதந்ததால்தான்.

‘ஓவியங்கள் நிறைந்த பழமையான ஆர்த்தடாக்ஸ் மடங்கள்: ஆன்மிகச் சுற்றுலா’ என்ற விளம்பரம் செல்போனில் வந்ததும் மனிதர் உருகிப்போனார். விசாவுக்குக் கையெழுத்துப் போடும்போதுகூட, “கடல் தாண்டியும் நம்ம ஆளுக மடம் கட்டியிருக்காக பாரு” என்று மனைவி தங்கச்செல்வியிடம் பெருமைப்பட்டார். வழியனுப்ப பஸ் ஸ்டாண்டில் பிளெக்ஸ் பேனர் வேறு. அங்கே போய் இறங்கிய பிறகுதான் மடத்து உச்சியில் சிலுவை தெரிந்தது; ஆர்த்தடாக்ஸ் என்பது கிறிஸ்தவத்தில் ஒரு சபையின் பெயராம்.

“ஏமாந்துட்டோம்னு ஒத்துக்கிடுங்க அத்தான்.”

“யாருலே ஏமாந்தது? தெரிஞ்சுதாம்லே போனேன். ஆர்த்தடாக்ஸ்னா அதான் ஆர்த்தடாக்ஸ்! நெஞ்சு வரைக்கும் தாடி, விளக்கு, சாம்பிராணி. புதன், வெள்ளி விரதம், பாலுகூடத் தொடமாட்டாக. நீ அமாவாசையன்னைக்கே ஆம்லெட் திங்கிற ஆளு!”

“சுவத்துல படமாமே?”

“வெளிச்சுவரு பூராவும் படம்தான். பாவம் பண்ணுனவன் ஏணியிலேருந்து நரகத்துல விழுறான். அஞ்ஞூறு வருஷ மழையில நின்னும் அந்த நீலம் மங்கல. நம்ம ஊருல மழையே கிடையாது. கும்பாபிஷேகம் முடிஞ்ச மறுவருஷமே கோபுரம் வெளுத்துப்போகுது!”

“சாப்பாடு எப்படிக்கா?” காசிராஜன் தங்கச்செல்வி பக்கம் திரும்பினார்.

“எல்லாத்துலயும் பூண்டு. நல்லாத்தான் இருந்துச்சு.”

கூடம் குலுங்கியது. ராமசுப்பு தொண்டையைக் கனைத்தார்.

“அது... மருந்துக்குச் சேப்பாக.”

“ஓகோ. அப்ப அந்த மாதிரி ஆர்த்தடாக்ஸ் வீட்டுக்குப் பொண்ணக் குடுப்பீகளா?”

பின்வாங்கினால் நாளை மண்டியில் தலைகாட்ட முடியாது. ராமசுப்பு எழுந்தே நின்றுவிட்டார்.

“தாராளமாக் குடுப்பேம்லே! உங்க வீட்டுக்கு அவுக எவ்வளவோ மேலு. இத்தன பேரு முன்னால சொல்றேன், இது சத்தியம்!”

காசிராஜன் முகம் தொங்கிப்போனது. தண்ணீர் குடிக்க அடுக்களைக்குள் போனார். ராமசுப்பு வெற்றியோடு மீசையைத் தடவிக்கொண்டார்.

அடுக்களையில் நகத்தைக் கடித்தபடி நின்றிருந்த சுகப்பிரியாவிடம் காசிராஜன் குனிந்து கிசுகிசுத்தார்: “கோட்டயத்துக்குப் போனைப் போடு தாயி. உன் ஜேக்கப்பு வீடு ஆர்த்தடாக்ஸ் சர்ச்சுதான? நாம ரெண்டு பேரும் தேடிப்பிடிச்சு அனுப்புன டூர் விளம்பரம் வீண்போகல!”