பூசைக்குப் போன கைபேசி

"அந்தக் கணக்கையே மூடிடு, நில்டா."

"அராமியோட படமெல்லாம் அதுலதானே இருக்கு, ஞா பிளாசிடா. பிறந்த நாள்லேர்ந்து எடுத்தது. எல்லாம் போயிடுமே."

"போகட்டும். பிள்ளை இடுப்புல இருக்கா இல்ல? அப்புறம் படம் எதுக்கு? அது உயிரோட இருக்கிற வரைக்கும் நீ எங்க நிக்கிறேன்னு அவனுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். அழறதுன்னா பஸ்ஸுல ஏறினப்புறம் அழுதுக்கோ. இப்ப விரலை அழுத்து."

ஆறு வருடத்துக்கு முன்னால், சான் லொரென்சோ சந்தையின் பின்வாசலில் பேசிக்கொண்டது. அன்றைக்கு நில்டாவையும் ஒரு வயதுக் குழந்தையையும் பஸ் ஏற்றிவிட்டவள் ஞா பிளாசிடாதான். புருஷன் எலாதியோவின் கைக்கு எட்டாத தூரத்துக்கு.

இன்று அதே இருவரும், இருவருக்குமே சொந்த ஊரல்லாத ஒவியேதோவின் பேருந்து நிலையத்தில், வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

காக்குபே மாதா திருவிழா முடிந்து வருகிற முதல் ஞாயிறு. வருடத்தில் இந்த ஒரு நாள்தான் சந்திப்பு. மற்ற நாட்களில் போன் கிடையாது, செய்தி கிடையாது.

நில்டாவின் கைபேசி அவள் வீட்டில் அணைந்து கிடந்தது.

ஞா பிளாசிடாவின் கைபேசி சான் லொரென்சோவில் பூசை கண்டுகொண்டிருந்தது.

"பக்கத்து வீட்டு ரமோனா பையில போட்டு அனுப்பிட்டேன். பூசை முடிஞ்சா கோயில் கூடத்துல பிங்கோ, மூணு மணி வரைக்கும் அசையாது. போன வருஷம் ஒரு கோழிகூட ஜெயிச்சுது. என்னைவிட அதுக்குத்தான் பக்தி ஜாஸ்தி."

நில்டா சிரித்தாள். சிரித்துவிட்டு, வழக்கம்போல, சுற்றிலும் ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

எலாதியோ தேடுவதை நிறுத்தவில்லை. ஞா பிளாசிடாவின் கைபேசி எந்தத் தெருவில் நகர்கிறது என்று தன் கைபேசியில் பார்த்துக்கொண்டே இருப்பான். நில்டா இருக்கும் இடம் அவளுக்குத் தெரியும் என்று அவன் நினைப்பு.

அவளுக்குத் தெரியாது. நில்டா ஊர்ப் பெயரைச் சொல்ல வாயெடுத்தாலே காதைப் பொத்திக்கொள்வாள். "எனக்குத் தெரியாததை எவனாலயும் என்கிட்டேர்ந்து பிடுங்க முடியாது, பொண்ணே."

அவள் சந்தையில் மூலிகை விற்பவள். பக்கத்துக் கடைக்காரன் கைபேசி பழுது பார்ப்பவன். உரலில் இலை இடித்தபடி அவன் பேச்சைக் கேட்டே இத்தனையும் கற்றுக்கொண்டாள்.

இன்று அவளே இடித்துக் கொண்டுவந்த புதினாவும் எலுமிச்சைப் புல்லும் ஐஸ் தண்ணீரில் மிதந்தன. அந்தத் தெரெரே பானத்தின் கோப்பை இரண்டு கைகளுக்கும் நடுவே போய் வந்துகொண்டிருந்தது. கோப்பையைத் திருப்பித் தரும்போது நன்றி சொன்னால், போதும், இனி ஊற்ற வேண்டாம் என்று கணக்கு. அதனால் நில்டா ஆறு வருடமாக அந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டே குடித்தாள்.

"ஏப்ரல்ல எங்க தெருவுல ஒரு கார் போச்சு. கூரை மேல கேமரா வெச்ச கார். கொஞ்ச நாள்ல எங்க வீடு கைபேசி வரைபடத்துல வந்துடுச்சு. வாசல்ல அராமி நிக்கிறா."

"முகம்?"

"அதை அவங்களே மழுப்பிட்டாங்க. ஆனா நிக்கிற நிலையைப் பார்த்தாலே யாருன்னு தெரியும்."

"எப்படி நிக்கிறா?"

நில்டா எழுந்து நின்று காட்டினாள். இடது பாதத்தை வெளியே திருப்பி, ஒரு கையை இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.

ஞா பிளாசிடா நெடுநேரம் பார்த்தாள். எதிரே நிற்பது நில்டாதான் என்பதை மறந்தவள்போல.

"அப்புறம்?"

"எழுதிக் கேட்டேன். வீட்டையே மறைச்சிட்டாங்க. இனி எப்பவுமே தெரியாதாம்."

"எவனோ எங்கேயோ உட்காந்துக்கிட்டு நம்ம வாசலைப் படம் பிடிப்பான். அதை மூடச் சொல்லி நாம மனு போடணும். நல்ல உலகம்டி!"

சொல்லிவிட்டுக் கோப்பையை நீட்டினாள். சட்டைக் கை கொஞ்சம் மேலேறியது.

டிசம்பர் மாதக் கோடை வெயிலில் முழுக்கைச் சட்டை எதற்கு என்று நில்டா வந்ததிலிருந்தே யோசித்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டுக்கு மேலே நான்கு நீலத் தடங்கள், வரிசையாக.

அந்த விரல்களின் அகலம் அவளுக்குத் தெரியும்.

நில்டா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

இந்தக் கைதான் அன்று குழந்தையின் பால்புட்டியைத் துணியில் சுற்றி ஜன்னல் வழியாக நீட்டியது. அதன் பிறகு தூங்கிய ஒவ்வொரு இரவும், அராமி பயமில்லாமல் பள்ளிக்கு ஓடிய ஒவ்வொரு காலையும், இந்தக் கை கொடுத்தது. பதிலுக்கு இவள் ஒன்றுமே கேட்டதில்லை. ஒரு தடவையாவது ஏதாவது கேளுங்களேன் என்று நில்டாவின் மனம் கெஞ்சியது.

சான் லொரென்சோ வழியாகப் போகும் அசுன்சியோன் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டார்கள். கைபேசி வீடு திரும்புவதற்குள் ஞா பிளாசிடாவும் திரும்பியாக வேண்டும்.

அவள் எழுந்திருக்கவில்லை.

"பஸ் கிளம்புது, ஞா பிளாசிடா."

"கிளம்பட்டும்."

பஸ் நிலையத்தைச் சுற்றி, வளைவில் திரும்பி மறைந்தது.

பிறகு அவள் மெல்லக் கேட்டாள்.

"நான் பெத்த பிள்ளைகிட்டேர்ந்து என்னையும் ஒளிச்சு வெச்சுக்குவியா, நில்டா?"