முப்பத்தெட்டு மணி நேரம்

"சென்னையிலேர்ந்து டல்லாஸ் போவ எத்தனை மணி நேரம் ஆவும்க்கா?"

டிராவல்ஸ் மேசைக்கு எதிரே உட்கார்ந்த பெண் பாஸ்போர்ட்டை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

கம்ப்யூட்டரைத் தட்டாமலே பொன்னி சொல்லியிருப்பாள். நடுவில் ஒரே இடத்தில் மாறி ஏறினால் இருபத்துமூன்று மணி நேரம். தூரம் பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. ஆறு வருஷத்துக்கு முன்னால், கலைவாணன் விமானம் ஏறிய அன்றைக்கே பார்த்து வைத்தது. அப்புறம் மறக்க முடியவில்லை.

பாஸ்போர்ட்டைப் பிரித்தாள். பெயர் தேவகி. கடைசிப் பக்கத்தில் கணவர் பெயர், கலைவாணன் முனிசாமி.

கூரத்தில் ஒன்றாக பஸ் ஏறி, மூன்று வருஷம் ஏனாத்தூர் காலேஜுக்குப் போய்வந்தவர்கள் பொன்னியும் கலைவாணனும். வேலையில் நின்றதும் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றுதான் போனான். கூப்பிடவில்லை. போன தையில் வந்தான். கல்யாணம் பண்ணிக்கொண்டான். பதினைந்து நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போனான்.

பொன்னி வீட்டுக்குப் பத்திரிகைகூட வரவில்லை.

தேவகி அழகாக இருந்தாள். முதலில் சுட்டது அதுதான். பிறகு கழுத்தில் கிடந்த புதுத் தாலிச்சரடு. அதற்குப் பிறகு பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த விசா.

வெளியே முனிசாமி பைக்கில் சாய்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார். மருமகளை இறக்கிவிட்டவர் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தால் காந்தி ரோட்டில் வேறு டிராவல்ஸா இல்லை?

இருபத்துமூன்று மணி நேர விமானத்தில் நாலு சீட் காலி என்று திரை காட்டியது.

பொன்னி அதைத் தாண்டிக் கீழே போனாள். போய்க்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒன்று அகப்பட்டது. இரண்டு இடத்தில் இறங்கி ஏற வேண்டும். இரண்டாவது இடத்தில் பதினாலு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

உட்காரட்டும். கால் வீங்கட்டும். தலை கலைந்து, கண் சிவந்து போய் இறங்கட்டும். அங்கே நிற்கிறவனும் கொஞ்சம் காத்திருக்கட்டும். நான் காத்திருக்கவில்லையா?

"சீக்கிரம் போறதுல சீட் இல்லம்மா. இதுல முப்பத்தெட்டு மணி நேரம் ஆவும்."

சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள். வாடும், கண்ணாவது கலங்கும் என்று எதிர்பார்த்தாள்.

தேவகி திரும்பிக் கண்ணாடிக் கதவு வழியாக மாமனாரைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை மேசையோடு ஒட்டி இழுத்துக்கொண்டாள்.

"இதவிட லேட்டா போய்ச் சேர்ற மாதிரி எதுனா இருக்குதாக்கா?"

கிண்டல் என்று நினைத்துப் பொன்னி சிரித்தாள்.

தேவகி சிரிக்கவில்லை. "பதினஞ்சு நாள் அவரு கூட இருந்தேன்க்கா," என்றாள் மெதுவாக. மேசை விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

பொன்னியின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு முனிசாமி உள்ளே வந்தார். டிக்கெட் போட்டாயிற்றா என்று கேட்க வாயெடுத்தவர், பொன்னியைப் பார்த்ததும் நின்றார்.

அவள் திரையை அணைத்தாள்.

"இந்த மாசம் எதுலயும் சீட் இல்லீங்க."

அவர் முகம் கோணியது. வயிற்றெரிச்சலில் பொய் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார்.

நினைத்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டாள் பொன்னி.