தட்டை மறைத்த கை

கல்யாண மண்டபத்தில் பத்து வருஷம் பரிமாறிய கரண்டிக்குத் தலைக்கனம் அதிகம். பழைய பாத்திரக் கடையில் அதை வாங்கிய செல்வராணி, மேம்பாலத்தின் கீழே படுத்துக் கிடப்பவர்களுக்குத் தினமும் மத்தியானம் சாம்பார் சாதம் போடும் தன் அண்டாவுக்குத் துணையாக்கினாள்.

வெயில், புழுதி, முண்டியடிக்கும் தட்டுகள். மூன்றாம் நாளே கரண்டிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"என்ன ஜனங்க இது! மண்டபத்துல ரெண்டாவது கரண்டிக்கே 'போதும், போதும்'னு இலையைக் கையால மறைப்பாங்க. இங்க ஒருத்தராவது மறைச்சாங்களா?"

"நீ பாட்டுக்குப் போடு" என்றது அண்டா.

"போடறேன். ஆனா அடி வழிக்க மட்டும் என்னைக் கூப்பிடாதே. கல்யாணக் கரண்டி அடி வழிக்காது."

மறுநாள் மழை. ஒதுங்க வந்தவர்களும் சேர்ந்துகொள்ள, வரிசை நீண்டது. சாதமோ மளமளவென்று கீழே இறங்கியது. கோணிப்பையைப் போர்த்திக்கொண்டு நின்ற பெரியவரின் தட்டில் ஒரு கரண்டி விழுந்தது. இரண்டாவது விழுவதற்குள் அவர் தட்டைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"அதுக்குள்ள வயிறு ரொம்பிடுச்சா பெரியவரே?" என்றாள் செல்வராணி.

"இன்னும் வாயிலயே வைக்கலையே தாயி. பின்னால ஆறு பேர் நிக்கிறாங்க."

கரண்டி அப்படியே அந்தரத்தில் நின்றது. எத்தனையோ கைகள் தன்னை மறித்துப் பார்த்த கரண்டி அது. பிறகு அடுத்த தட்டில் சாதத்தைப் போட்டுவிட்டு அண்டாவிடம் திரும்பியது.

"கொஞ்சம் சாஞ்சு குடு. அடியில ஆறு பேருக்கு இருக்கு."