கம்பிவேலி வரவேற்பு

சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குக் கோப்பை வாங்கித் தந்த, அணியின் ஆட்டத்தை நடத்திய முன்னாள் குவார்ட்டர்பேக் கோல்ட்டன் ரீவ்ஸ், பயிற்சியாளராகத் திரும்பி வருகிறார், வரலாம், வராமலும் போகலாம். கல்லூரி விமானம் வரும் தடத்தைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, ஊரே விமானத் திடலின் கம்பிவேலியில் தொற்றிக்கொண்டு நிற்கிறது. குளிர்காற்றில் ஆரஞ்சுக் கொடிகள் படபடக்கின்றன. விமானக் கதவு திறக்கிறது, பேண்டு முழங்குகிறது. அணியில் சேர்க்க வெளியூரில் ஆட்டக்காரப் பையன்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும் இப்போதைய பயிற்சியாளர் வெண்டல் ஹாக், பாதி தின்ற சாண்ட்விச்சுடன் படியில் நின்று விழிக்கிறார். வரிசையாகத் தோற்றவருக்கு இத்தனை கூட்டமா? தயங்கித் தயங்கிக் கையசைக்கிறார். பேண்டு பாதியில் நின்றுபோகிறது. “கோச், ரீவ்ஸ் உள்ள இருக்காரா?” என்று வேலியிலிருந்து ஒருத்தி கத்துகிறாள். “இல்லியேம்மா. அவருக்கு இங்க என்ன வேலை?” கொடிகள் ஒவ்வொன்றாகத் தாழ்கின்றன. பறக்கும்போது அணைத்த கைப்பேசியை ஹாக் இன்னும் உயிர்ப்பிக்கவில்லை. அவருடைய வேலை போய் ஒரு மணி நேரம் ஆகிறது.