நகப்பூச்சுப் புள்ளிகள்

அட்டைப்பெட்டி ஒட்டுகிற மெஷின் மூன்றாவது நாளாக நிற்கிறது. அதன் தொடுதிரையில் சிவப்பு நகப்பூச்சால் வைத்த மூன்று புள்ளிகள், ஈரம் காயாததுபோல விளக்கொளியில் மின்னுகின்றன. மெஷினை இறக்கிய அன்று வந்த ஆள் படபடவென்று மூன்று இடத்தில் தட்டி ஓடவிட்டுப் போனான். அதை ஓட்டுகிற அக்கா அந்த இடங்களைத் தன் நகப்பூச்சால் குறித்துவைத்தாள். எங்களுக்குக் கிடைத்த மொத்தப் பயிற்சியும் அதுதான். அதை வைத்தே ஒரு வருஷம் ஓட்டினோம். திங்கட்கிழமை தலைமை அலுவலகத்தில் இருந்தபடியே யாரோ திரைக்குள் தெரிகிற படத்தைப் புதுசாக மாற்றிவிட்டார்கள். பொத்தான்கள் இடம் மாறின, புள்ளிகள் மாறவில்லை. அக்கா வழக்கம்போல முதல் புள்ளியைத் தொட்டாள், பெல்ட் படக்கென்று நின்றது. இப்போது பாதி ஒட்டிய பெட்டிகள் வாயைப் பிளந்துகொண்டு வரிசையில் நிற்கின்றன. உருளையில் பசை காய்ந்து பொருக்காகியிருக்கிறது. மேனேஜர் கத்துகிறார்: "யாரைக் கேட்டும்மா கை வச்சே?" அக்கா கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைக்கிறாள். "ரெண்டு நாள் ஒழுங்கா சொல்லிக்குடுங்கன்னு கேட்டேனே சார். ரெண்டு நாளெல்லாம் மெஷினை நிறுத்த முடியாதுன்னீங்க. இன்னிக்கு மூணாவது நாள்." பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக்குகிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டு வருகிறது. கத்திக் களைத்த மேனேஜர், "தள்ளுங்க, நான் பாக்கறேன்" என்று சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு திரைமுன் வந்து நிற்கிறார். கண் மேலும் கீழும் அலைகிறது. விரல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நிற்கிறது. பிறகு மெதுவாக இறங்கி, முதல் சிவப்புப் புள்ளியைத் தொடுகிறது.