பழகிய நாடி

ஊராட்சித் தலைவி சொல்வது அவளுடைய சொந்த முடிவுதானா என்று நாடி பார்த்துச் சொல்லும் கருவி வந்ததிலிருந்து, கணவன்மாருக்கு அறைக்குள் அனுமதியில்லை. தவசி வெளியே நின்றான். ஊருணியை இறால் பண்ணைக்குக் கொடுப்பதாக அவன் ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டான்.

பூங்கோதை கருவியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். நான்கு வருடங்களாக அவன் சொல்லிக்கொடுத்தபடி எல்லாத் தீர்மானத்துக்கும் சம்மதம் சொன்னவள். ஒருமுறைகூடப் பச்சை விளக்கு எரியாமல் இருந்ததில்லை.

"சம்மதமில்லை" என்றாள்.

சிவப்பு எரிந்தது. "நாடி பதறுகிறது. வற்புறுத்திச் சொல்லவைத்த பதில். ஏற்க இயலாது" என்றது கருவி.

செயலர் அருள்மேரி பதறிப்போனாள். "அக்கா, இன்னும் ஒரு தடவைதான் விடும். அதுவும் சிவப்புன்னா முடிவு துணைத் தலைவர் கைக்குப் போயிரும்."

துணைத் தலைவர் தவசியின் தம்பி.

கதவு தட்டப்பட்டது. "என்ன புள்ள, முடிஞ்சிருச்சா?"

பூங்கோதை அருள்மேரியின் பக்கம் திரும்பினாள். "இத்தன நாளும் அவருக்குப் பயந்துதான மேரி சரின்னேன். அப்பல்லாம் பச்சையில்ல காட்டுச்சு?"

"அது உங்களுக்குப் பழகிப்போச்சுக்கா."

பூங்கோதை கருவியிலிருந்து கையை எடுத்தாள். கதவுக்கு நேராகப் போய் நின்றுகொண்டு, "சம்மதமில்லை" என்றாள். குரல் உடைந்தது. மறுபடி சொன்னாள். வெளியே தவசி கதவை ஓங்கித் தட்டினான். அவளும் ஓங்கிச் சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஒன்பதாவது முறை சொன்னபோது கதவு தட்டுவது நின்றது.

அதற்குப் பிறகுதான் போய்க் கருவியில் கையை வைத்தாள்.