கரும்புகை

மூன்றாவது டீசல் பைப்பின் நட்டை மெக்கானிக் யேசுதாஸ் தளர்த்தியதும் இஞ்சின் இன்னும் கொஞ்சம் தடுமாறியது. இறுக்கினார். நாலாவதிலும் அப்படியே.

"டீசல் பீச்சுற நாலு நோஸிலும் நல்லாத்தான் இருக்குதுபா. ஒண்ணு செத்திருந்தா, பைப்பைத் தளர்த்தினாலும் சத்தம் மாறாது."

"அப்புறம் ஏன் இப்படி இழுத்துக்கினு ஓடுது?"

பழனிக்கு ஒன்றும் புரியவில்லை. நேற்றுச் சாயங்காலம் தாமலிலிருந்து கத்திரிக்காய் ஏற்றி வந்தபோதுகூட வண்டி ஒழுங்காகத்தான் இருந்தது. காலையில் சாவியைத் திருப்பினால் ஒரே கரும்புகை. நாலு மணிக்கு வாலாஜாபாத்திலிருந்து வண்டியை வாங்க ஆள் வருகிறது.

"தொலையட்டும் சனியன்!" வீட்டுக்குள்ளேயிருந்து மனைவி காந்தாவின் குரல். "போற நாள்லயும் மானத்தை வாங்குது. அன்னிக்கு ரயில்வே கேட்டுல வாங்கினது பத்தாதா?"

இருபத்திரண்டு வருடமாக இதே பாட்டு. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் கேட் மூடிக்கிடந்தது. இந்தப் பிக்கப்பின் பின்பக்கத்தில், தார்ப்பாய்க்கு அடியில், மகள் தேவிப்ரியா பிறந்தாள். குழந்தையின் முதல் அழுகையும் கடந்துபோன ரயிலின் சத்தமும் பழனியின் காதில் இன்னும் ஒன்றாகவே கேட்கும்.

காந்தாவுக்கு அது அவமானம். "ஊரே என் பொண்ணைப் பிக்கப்புன்னு கூப்பிடுது" என்பாள். வண்டியை எப்போது தலைமுழுகப் போகிறாய் என்று கேட்காத நாளில்லை. அந்தத் தொல்லை தாங்காமல்தான் பழனி விற்கச் சம்மதித்தார்.

கொதிக்கிற டீப் பாத்திரத்தை முந்தானையால் பிடித்துக்கொண்டு காந்தா வந்தாள். கீழே வைத்து, விரலை உதறிவிட்டு, இரண்டு கிளாஸில் ஊற்றினாள்.

"என்னண்ணே, சரியாயிடுமா? ஆள் வந்துடுவாங்களா?"

"பார்க்கலாம்மா."

அவள் உள்ளே போனதும் யேசுதாஸ் சைலன்ஸர் பக்கம் குனிந்தார். "வெள்ளைப் புகைன்னா தண்ணி. நீலம்னா ஆயில். கறுப்புன்னா டீசல் எரியறதுக்குக் காத்துப் பத்தலைன்னு அர்த்தம். ஏர் ஃபில்டரை யார்பா சுத்தம் பண்றது?"

"அவதான். ஞாயித்துக்கிழமை ஆனா கழட்டித் தட்டுவா. ஒரு தட்டுக்கு ஒரு திட்டு."

இஞ்சினை நிறுத்திவிட்டு யேசுதாஸ் ஃபில்டர் டப்பாவின் கிளிப்பை நெம்பித் திறந்தார். ஃபில்டர் பளிச்சென்று இருந்தது. அதற்குப் பின்னால், காற்று போகிற குழாயில் இறுக்கித் திணித்த ஒரு துணி. வெளியே இழுத்தார். கட்டம் போட்ட பழைய பாவாடைத் துணி. ஓரமெல்லாம் கருகி, நடுவில் மஞ்சள் கறை.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"எலி இழுத்துக்கினு வந்திருக்கும்பா," என்றார் யேசுதாஸ், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

"ஆமா. எலிதான்."

பழனி துணியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சாவியைத் திருப்பியதும் இஞ்சின் சீராகப் பிடித்தது. புகையே இல்லை.

"முடிஞ்சுது. ஆளை வரச் சொல்லு."

பழனி செல்போனை எடுத்தார். "பஞ்சாட்சரம் சாருங்களா? பழனி பேசறேன். நீங்க அலைய வேணாங்க... இல்லீங்க, நோஸில் நாலும் போச்சுன்னுட்டாரு மெக்கானிக்கு. ஓட்டவே முடியாதுங்க."

யேசுதாஸ் சட்டென்று கையை நீட்டி, அழகாக ஓடிக்கொண்டிருந்த இஞ்சினை நிறுத்தினார்.

காந்தா வாசலுக்கு வந்தாள். "என்னய்யா, வரலையாமா?"

"வரலை."

"அப்ப இன்னும் இந்தச் சனியனைக் கட்டிக்கினு அழணுமா? என் தலையெழுத்து!" என்றபடி டீக் கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். வண்டியைத் தாண்டும்போது அதன் மட்கார்டில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனாள்.

பழனி சமையலறைக்குப் போனார். துணியை அலசிப் பிழிந்து, அடுப்புக்குப் பக்கத்தில் காலையிலிருந்து வெறுமையாக இருந்த பிடிதுணி ஆணியில் மாட்டினார்.